அண்ணன் குழியில் கேட்ட சத்தம்

ணங். கடப்பாரை பாறையில் மோதும் அந்தச் சத்தம் அண்ணனுடைய குழியிலிருந்துதான் வந்தது. என் குழியில் அதே கடப்பாரை இறங்கும்போது சத்தமே இருக்காது. உருவும்போது மட்டும் மண் ஈரமாகச் சப்புக்கொட்டும். எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், சமணர் மலைக்கு இந்தப் பக்கம் அப்பா விட்டுப்போன புஞ்சையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வீடு தொடங்கினோம். அண்ணனின் சட்டை, கையெழுத்து, அவரைக் கண்டதும் கடைக்காரர்கள் எழுந்து நிற்கும் தோரணை என்று சிறு வயதிலிருந்தே பொறாமைப்பட்டுப் பழகியவன் நான். ஆனால் பூமிக்கடியில் கிடக்கும் ஒன்றுக்காக வயிறு எரிந்தது அப்போதுதான்.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் அண்ணன் சுண்ணாம்புத் தூளால் நடுவில் கோடு இழுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே, "கோடு என்னோடது. எடுக்கிறது ஒன் இஷ்டம்டா" என்றார். மேற்குப் பாதி மேடு, செடி கொடி இல்லாத வழுக்கை. கிழக்குப் பாதி கண்மாயை நோக்கிச் சரிந்து, முழங்கால் உயரப் புல்லோடு பச்சைப் பசேலென்று கிடந்தது. நான் யோசிக்கவே இல்லை, பச்சையைக் காட்டினேன். அண்ணனை வென்றுவிட்டதாக அன்று சைக்கிளில் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அஸ்திவாரக் குழியை இங்கே வானம் என்பார்கள். அண்ணனுடைய வானம் முழங்கால் ஆழத்திலேயே பாறையைத் தொட்டு நின்றுவிட்டது. என்னுடையது இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, வெட்ட வெட்டக் கரிசலாகவே வந்தது. மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விழ மறுக்கும் களிமண். கோடையில் வெடித்து மழையில் ஊதும் அதன் மேல் எந்தச் சுவரும் நிம்மதியாக நிற்காது. கொத்தனார் ஒரு உருண்டையைப் பிசைந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, கேப்பக் களி கணக்கா இருக்கு? தொட்டுக்க வெஞ்சனம் மட்டும் கொண்டாங்க, சாப்பிட்டுருவோம்" என்றார். மண் சுமந்த பெண்கள் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மறுபடி ணங். கோயில் மணி மாதிரி அத்தனை சுத்தமான சத்தம். அண்ணன் ஏமாற்றியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். எடுத்தவன் நான். பழி போட ஆளில்லாத பொறாமையைப் போல வயிற்றில் தங்குவது வேறில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் என் குழியின் விளிம்பில் வந்து குந்தினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கல்லு வைக்கலயே. வேணும்னா மாத்திக்குவோமாடா?" என்றார். கேட்ட தொனியில் துளி பெருமையில்லை. அதுதான் என்னை இன்னும் சுட்டது. அந்தப் பாறையை வாங்கிக்கொண்டால் ஆயுசுக்கும் அவர் கொடுத்த தரையில் அல்லவா நடக்க வேண்டும்? "நானாத்தானண்ணே எடுத்தேன். இருக்கட்டும்" என்றேன். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் வந்து பார்த்தால், குழியை மட்டமாக்க அவர் பக்கம் உடைத்த பாறைத் துண்டுகளெல்லாம் என் கரையில் குவிந்திருந்தன. "என்னண்ணே இது?" என்றேன். "எனக்கு இம்புட்டு எதுக்குடா? எங்கிட்டுக் கெடந்தா என்ன, கல்லுதான" என்றார். இந்தத் தடவை நான் மறுக்கவில்லை. ஆற்று மணல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன் மேல் அந்தக் கற்களை அடுக்கித்தான் என் சுவர் எழும்பியது. அப்படியும் கரிசல் விடவில்லை. ஒவ்வொரு கோடையிலும் கூடத்துச் சுவரில் விரல் நுழையும் விரிசல் திறக்கும், ஐப்பசியில் மூடிக்கொள்ளும். அவர் வீட்டில் சுண்ணாம்புப் பூச்சுகூட உதிர்ந்ததில்லை. வரும்போதெல்லாம் என் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்.

இப்போது அண்ணன் உயிரோடு இல்லை. அவர் வீடு அப்படியே நிற்கிறது. என் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட மகன் முடிவு செய்து, போன வாரம் ஜேசிபி வந்தது. கரிசலைத் தயிர் போல அள்ளிக்கொண்டிருந்த அதன் கை சட்டென்று நின்றது.

ணங்.

"சார், ஒங்க எடத்துல பாறை இருக்கு!" என்று டிரைவர் கத்தினான். அதைச் சொல்லும் ஒரு வாய்க்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! "பாறை இல்லப்பா. அது எங்க அண்ணன் கல்லு" என்றேன். என் குழியில் முதன்முதலாகக் கேட்ட அந்தச் சத்தமும் அவருடையதாகவே இருந்தது.

அண்ணன் வீட்டு வாசலிலிருந்து மதினி பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கொழுந்தனாரே, எங்க வீட்டுக் கல்லத் திருப்பித் தந்துருவீகளா?" என்று சிரித்தார்.

"ஒண்ணுகூடத் தர மாட்டேன் மதினி" என்றேன். சிரிக்காமல்தான் சொன்னேன். இன்ஜினியர் தூண் போதும், கல் வேண்டியதில்லை என்கிறார். நான் குழியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லையும் புது வானத்துக்குள் திரும்ப இறக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.