ஒரிஜினலில் இல்லாத படி

என் தங்கையின் கணவரை எல்லோரும் 'ஒரிஜினல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய லாரிகளைப் புதுப்பிப்பது அவர் தொழில். டயர் மண்ணில் புதைந்து, கேபினுக்குள் செடி முளைத்து, கேட்பாரற்றுக் கிடக்கும் பெரிய வண்டிகளை இழுத்துக்கொண்டு வருவார். கழற்றி, கழுவி, பழுது பார்த்து, மறுபடி பூட்டி ஓடவிடுவார். வாங்குகிறவர்கள் அதில் சுமையா ஏற்றப்போகிறார்கள்? கண்காட்சியில் நிறுத்துவார்கள், குடும்பத்தோடு ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்டுவிட்டால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கதவுக் கைப்பிடியில் ஒரு திருகு மாறியிருந்தாலும் அவர் கொட்டகையிலிருந்து வண்டி வெளியே போகாது. "இது ஒரிஜினல் இல்ல" என்பார். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்திய கொட்டகை அது. தகரம் தட்டுவதும் வெல்டிங்கும் பெயின்ட்டும் என் வேலை. பாகங்களை டீசலில் கழுவுவதும் சீட் தைப்பதும் என் தங்கையின் வேலை. என்ஜினும், எங்கள் இருவரையும் குறை சொல்வதும் அவர் வேலை. "மச்சான், நீங்க வெல்டிங் வெச்சா தகரத்துக்கே காய்ச்சல் வந்துடுது" என்பார். "காய்ச்சலுக்கு மருந்து நீங்க குடுங்க மாப்ளே" என்பேன். என் தங்கை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருப்பாள். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. ஒரே மகள் கல்யாணமாகித் தொலைவில் போய்விட்டாள்.

அவருடைய வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வேறு யாரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை. மற்றவர்கள் வண்டியைப் பிரித்தால் நட்டையும் போல்ட்டையும் ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். இவர் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் உடனே அது இருந்த ஓட்டையிலேயே கையால் இரண்டு சுற்று ஏற்றி வைத்துவிடுவார். பாகத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்திருப்பார், போல்ட் மட்டும் அதன் இடத்தில் நிற்கும். இத்தனை வருடம் ஒரே ஓட்டையில் கிடந்து தேய்ந்த போல்ட்டை இன்னொன்றில் போட்டால் அது சரியாக உட்காராது என்பது அவர் கணக்கு. இதனால் வேலை இழுத்துக்கொண்டே போகும். நான் எரிச்சலில் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். கத்தியதில் எனக்குத் தொண்டை வலி வந்ததோடு சரி.

கொட்டகை மூலையில் நீண்ட மூக்கு வைத்த லாரி ஒன்று நின்றது. கல்யாணம் ஆன வருடம், பழைய இரும்புக் கடையில் துண்டு போடப்போகிற நேரத்தில் பார்த்து அவர் வாங்கி வந்தது. அன்றைக்கே என் தங்கையிடம், "இதை முடிச்சதும் மொத ஓட்டம் உன்னை வெச்சுத்தான். அணைக்கட்டு வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டார். புதுப்பெண் அப்படியே நம்பிவிட்டாள். அடுத்தவர்கள் வண்டி ஒவ்வொன்றாக வந்தது, போனது. இது மட்டும் மூலையிலேயே நின்றது. ஓய்வு கிடைத்தால் அவர் அதன் அடியில்தான் படுத்துக் கிடப்பார். அவள் அதற்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்தாள். "சாப்பிட வாங்க, சக்களத்தி எங்கயும் ஓடிப்போக மாட்டா" என்று வீட்டு வாசலிலிருந்து குரல் கொடுப்பாள். திட்டுகிறாளே தவிர, அந்த வண்டியின் சீட்டை அவள் தைத்த அழகை நீங்கள் பார்க்கவேண்டும். வாடிக்கையாளர் யாருக்கும் அப்படி ஒரு தையல் போட்டுக் கொடுத்ததில்லை.

அவள் தலை நரைத்து, முட்டி வலி வந்த பிறகுதான் வண்டி முடியும் தறுவாய்க்கு வந்தது. ஒருநாள் கையில் ஓர் இரும்புப் பட்டையோடு என்னிடம் வந்தார்.

"மச்சான், இதை இடது பக்கக் கதவுக்குக் கீழ படியா வெச்சு வெல்டு பண்ணுங்க."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. "இது ஒரிஜினல்ல கிடையாதே மாப்ளே?"

"உங்க தங்கச்சி முட்டியும் இப்ப ஒரிஜினல் இல்லையே. என்ன பண்ணச் சொல்றீங்க?"

வெல்டு வைத்தேன். அவர் முழுசாகச் செய்த வண்டிகளில் ஒரிஜினலில் இல்லாத பாகம் அது ஒன்றுதான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அந்த நாட்களிலேயே நோய் தொடங்கியிருக்கவேண்டும். எங்களுக்குத்தான் தெரியவில்லை. கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடுவார். உதிரிபாகக் கடைக்குப் போனவர் திரும்பி வர வழி தெரியாமல் கடைவீதியிலேயே நின்றிருக்கிறார். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், திரும்பி வராது. கை பழகிய வேலை மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போகும், அதைத் தடுக்காதீர்கள். என் தங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள். கூடாது என்றார்.

"சரி, அண்ணன் ஓட்டட்டும், நீங்க பக்கத்துல உட்காருங்க" என்று அவரைச் சம்மதிக்க வைத்து, முதல் ஓட்டத்துக்கு நாள் குறித்தோம். அன்று காலை நான் போனபோது அவள் சாப்பாடு கட்டி, தண்ணீர் நிரப்பி, தலை சீவித் தயாராக நின்றாள். முகம்தான் சரியில்லை. கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். சக்களத்தியின் மூக்கு மூடி கழன்று சுவரில் சாய்ந்திருந்தது, ரேடியேட்டர் தரையில் இருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மும்முரமாக வேலையில் இருந்தார்.

"வாங்க மச்சான். புதுசா வந்த வண்டி. யாரோ நல்ல கைகாரன் பார்த்திருக்கான். அவ்ளோ சுத்தமான வேலை" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை காலத்தில் இன்னொரு மெக்கானிக்கை அவர் பாராட்டி நான் கேட்டதே அப்போதுதான். அந்த மெக்கானிக்கும் அவரேதான்.

என் தங்கை வண்டியின் அருகில் போய்க் குனிந்து பார்த்தாள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் ஓட்டையில் இரண்டு சுற்று ஏறி நின்றது. "பாருங்கண்ணா, ஒண்ணுகூட மாறல. மனுஷன் இருக்காரு. எங்கயும் போயிடல" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கமானது. அவளும் நானும் வண்டியைப் பூட்டுவோம், சில நாள் கழித்து அவர் பிரிப்பார். போல்ட்டுகள் இடத்திலேயே நிற்பதால் எங்களுக்கும் பூட்டுவது சுலபமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் முதலில் போல்ட்டுகளைத்தான் பார்ப்பாள். அவை இடத்தில் இருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும். உதிரிபாகக் கடைக்காரன் ஒருநாள் கொட்டகைக்கு வந்து, "என்னப்பா, ஒரிஜினலுக்கு மறை கழண்டுடுச்சாமே?" என்று பல்லைக் காட்டினான். அவன் சட்டையைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். அதே வார்த்தையை நல்லா இருந்த காலத்தில் நானே அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

வண்டி பூட்டி நிற்கிற நாட்களில் நான் தங்கையோடு மல்லுக்கு நிற்பேன். "இப்பவே ஏறும்மா. அவரையும் ஏத்திக்கலாம். ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்."

"வேண்டாம்ணா. அவர் வாயால 'ஏறு'ன்னு சொல்லட்டும்."

"அவர் சொல்ற நிலையிலயா இருக்காரு?"

"போல்ட்டெல்லாம் ஞாபகம் இருக்குல்ல? இதுவும் இருக்கும். ஒருநாள் சொல்லுவாரு."

பிடிவாதத்தில் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளுக்கு அணைக்கட்டு ஒரு பொருட்டே இல்லை. அவர் தன்னை நினைவு வைத்து, தன்னைப் பார்த்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். நேரம் போய்க்கொண்டே இருக்கிறதே என்று எனக்குக் கவலை. அவளிடம் சொல்ல முடியுமா?

ஒருநாள் காலை போனில் கூப்பிட்டாள். "கொஞ்சம் வாங்கண்ணா" என்றாள். போனேன். வண்டி பிரிந்து கிடந்தது. அது எங்களுக்குப் பழகிப்போனதுதான். ஆனால் ஓட்டைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பாகம் கழுவுகிற பெரிய டீசல் தட்டில் என்ஜின் போல்ட், சக்கர நட்டு, கதவுத் திருகு எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேலையை முடித்த திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் தங்கை தரையில் உட்கார்ந்து தட்டுக்குள் கையை விட்டு அளைந்தாள். "எது எங்க போவும்னு எனக்குத் தெரியாதேண்ணா" என்றாள். பிறகு அழுதாள். நோய் என்று தெரிந்த நாளில்கூட அழாதவள். அவர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, கையில எதாவது குத்திடுச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், "இனிமே காத்திருக்க வேணாம்ணா. பூட்டுவோம். பூட்டின உடனே கெளம்பிடுவோம்" என்றாள்.

ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து ஒவ்வோர் ஓட்டையிலும் போட்டுப் பார்த்தோம். இறுகினால் இது இல்லை, ஆடினால் இதுவும் இல்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிலது கடைசிவரை இடம் தெரியாமலே போயிற்று. அதே கடைக்காரனிடம் போய்ப் புதுசு வாங்கி வந்தேன். அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். மூக்கு மூடியில் பளபளவென்று புது போல்ட்டுகளை அவர் கண் முன்னாலேயே முடுக்கினேன். 'இது ஒரிஜினல் இல்ல' என்று என் கையைத் தட்டிவிடமாட்டாரா என்று இருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திட்டாமல் இருந்தது அவ்வளவு வலித்தது.

பூட்டி முடித்ததும் அவள் முகம் கழுவிவிட்டு வந்தாள். அவரைக் கைபிடித்து ஏற்றி நடுவில் உட்காரவைத்தோம். அவள் இடது பக்கம் வந்து, அந்தக் கூடுதல் படியில் கால் வைத்து, முட்டி வலிக்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தான் தைத்த சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். நான் கிளப்பினேன். என்ஜின் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

அவர் முகம் மலர்ந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். "சத்தம் நல்லாருக்கு மச்சான்" என்றார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னை மச்சான் என்கிறார்! அவளைப் பார்த்தேன். அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி மெதுவாக நகர்ந்து கொட்டகையைத் தாண்டி வீட்டு வாசலுக்கு எதிரே வந்தது. திடீரென்று அவர் கியர் மேல் இருந்த என் கையைப் பிடித்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். தெரியாத பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நீங்க இந்த வண்டியில வர முடியாது. மொத ஓட்டம் என் வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன்."

"நான்தாங்க" என்றாள் அவள்.

"நீங்க யாரா வேணா இருங்க. அவகிட்ட வாக்கு குடுத்துட்டேன். ரொம்ப நாளா காத்திட்டிருக்கா, பாவம். வேற யாரோ ஏறிட்டாங்கன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிடுவா."

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்து வேண்டாம் என்றாள். பிறகு, "சரிங்க. நான் உள்ள போய் அவங்கள அனுப்பறேன்" என்றாள்.

"புண்ணியமாப் போவும். பார்த்து எறங்குங்க. கீழ ஒரு படி கூடுதலா இருக்கு. அவளுக்கு முட்டி வலி, அதுக்காக நானே வெச்சது."

அவள் அந்தப் படியில் கால் வைத்து இறங்கினாள். விரல் மாட்டிக்கொள்ளாமல் பார்த்து அவர் கதவைச் சாத்தினார். அவள் வாசலேறி வீட்டுக்குள் போனாள்.

"என்ஜினை அணைச்சிடுங்க மச்சான். அவ வந்ததும் கெளம்பலாம்" என்றார்.

அணைத்தேன். அவர் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.