குளத்து மீனுக்கு ரியூப் எதற்கு

யெட்டா மீனைக் கொல்ல இரண்டு அடி போதும். கண்களுக்குச் சற்றுப் பின்னால், தலையின் உச்சியில், கனமான மரக்கட்டையால் அடிக்க வேண்டும். முதல் அடியில் உடம்பு விறைத்து, செட்டைகள் ஒருமுறை விரிந்து மடங்கும். இரண்டாவது அடியில் வாலின் நடுக்கம் நிற்கும். உடனே செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட்டால் சேற்று மணம் குறையும். அடிக்காமல் பனிக்கட்டியின் மேல் போட்டுவிட்டு நகர்ந்தால், கால் மணி நேரம் கழித்தும் அது காலணியைக் கடிக்கும்.

நோர்வேயின் நன்னீர் ஏரிகளில் வாழும் மீன் இது. முரல் மீனின் நீள உடம்பு, சீலா மீனின் வாய், வாத்தின் அலகு போலத் தட்டையான மூக்கு. கீழ்த்தாடையில் ஊசிகள். மேல்வாயிலோ உள்ளே சாய்ந்த நூற்றுக்கணக்கான சிறு பற்கள். உள்ளே போனது வெளியே வராது. முள் அதிகம் என்று நோர்வேஜியர் பலர் இதைத் தின்பதில்லை. நாங்கள் அவித்து, முள்ளைப் பொறுக்கி, கட்லெட் செய்தோம்.

நோர்வே நடுவில் நின்று இலங்கைச் சமாதானப் பேச்சு நடந்த வருடங்களில் ஒன்று. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தின் ஒரு சனிக்கிழமை, மூன்று பேர் ஒஸ்லோவின் ஓரத்தில் மோர்டென்ஸ்ருட்டில் சந்தித்து, காட்டுக்குள் முக்கால் மணி நேரம் நடந்து ஓர் ஏரிக்குப் போனோம். ஏரி இன்னும் உறைந்திருந்தது. ஒருவர் மன்னார்த் தீவுக்காரர். ஊரில் இருபது வருடம் கடலுக்குப் போனவர், ஒஸ்லோவில் பன்னிரண்டு வருடமாக அலுவலகத் தரை துடைப்பவர். எனக்கு மூத்தவர் என்பதால் அண்ணை என்பேன். அடுத்தவன் கோயம்புத்தூரிலிருந்து வந்த கணினிப் பொறியாளன். வயது இருபத்தெட்டு, ட்வெய்ட்டாவில் தனியாக ஓர் அறை. சுத்த சைவம். வேலையிடத்தில் எல்லாரும் மீன் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒரு மாரிக்குளிர் முழுவதும் இணையத்தில் படித்து, ஆள் உயரப் பனிக்கட்டித் துளைப்பான், கொடி வைத்த தூண்டில் சட்டங்கள், நீண்ட மூக்குக் குறடு எல்லாம் வாங்கி வைத்திருந்தான். பிடித்துப் படமெடுத்துவிட்டுத் திரும்ப விடுவது அவன் திட்டம்.

அண்ணைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பேருந்து ஓட்டும் பரீட்சை. மூன்றாம் முறை. இதிலும் தவறினால் பயிற்சிக்கு அனுப்பிய வேலைவாய்ப்பு அலுவலகம் அவருடைய கோப்பை மூடிவிடும், துடைப்பம்தான் மிச்சம். வழி முழுவதும் அவர் கதைத்தது அதைப் பற்றியே. ரவுண்டானாவில் எந்தத் தடத்தில் நுழைவது என்று பனியில் காலால் கீறிக் காட்டினார்.

ஏரிக்கரையில் பொறியாளன் சட்டைப் பையிலிருந்து அச்சடித்த தாள்களை எடுத்தான்.

“அண்ணே, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கான். நாணல் ஓரம், ரெண்டு மூணு மீட்டர் ஆழம். முட்டை போடறதுக்கு முன்னாடி கரைப்பக்கம் வந்துருமாம்.”

“மடிச்சு வை தம்பி. மீன் உதை வாசிக்கிறேல்லை.”

ஆனால் அண்ணை துளையிடச் சொன்ன இடமும் நாணல் ஓரம்தான். ஆறு துளைகள் போட்டோம். கடையில் வாங்கிய சிறிய மக்ரெல் மீனை முதுகில் குத்தி, இரும்புக் கம்பி கட்டிய தூண்டிலில் இறக்கினோம். கம்பி இல்லாவிட்டால் பற்கள் நூலைக் கத்தரித்துவிடும். ஏரியின் அடித்தரையிலிருந்து ஒரு முழம் மேலே இரை நிற்க வேண்டும். மீன் இழுத்தால் சட்டத்தின் சிறிய சிவப்புக் கொடி நிமிரும்.

நூல்தான் புதிது. ஊரில் அண்ணை கையாண்டது தங்கூசி என்ற ஒற்றை நைலோன் இழை, அதுவும் தடித்தது. இது பட்டு போலப் பின்னிய நூல், தையல் நூலின் தடிப்பு. முப்பது கிலோ தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது.

“கையில சுத்திராதீங்கண்ணே. அறுத்துரும்னு போட்டிருக்கான். க்ளவுஸ் போட்டுக்கோங்க.”

“கடலிலை எண்டால் விரலுக்குச் சைக்கிள் ரியூப் வெட்டிப் போடுவம். குளத்து மீனுக்கு ரியூப் எதுக்கு? க்ளவுஸ் போட்டால் மீன் என்ன செய்யுது எண்டு கைக்குத் தெரியாது.”

“இது பெரிய ஏரிண்ணே.”

“மறுகரை தெரியுதெல்லே? அப்ப குளம்.”

முதல் கொடி பத்தரைக்கு நிமிர்ந்தது. யெட்டா இரையைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு ஓடும். பிறகு நிற்கும். நின்ற இடத்தில் இரையைத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். மீன் ஓடும்போதே நூலைச் சுண்டச் சொன்னான் பொறியாளன், தூண்டில் உதட்டில் மாட்டும், உயிரோடு விடலாம். அண்ணை அவன் கையைத் தட்டிவிட்டுப் பொறுத்திருந்தார். நூல் நின்றது, பிறகு மறுபடி நகர்ந்தது. அப்போது சுண்டினார். மேலே வந்த மீன் என் கை நீளம். தூண்டில் வயிற்றுக்குள் போயிருந்தது.

“இனி விட்டாலும் சாகும். கட்டையைத் தா.”

முதல் அடி வழுக்கிக் கண்ணில் பட்டது. கண் வெளியே வந்து பனியில் ஒட்டிக்கொண்டது. அடுத்த இரண்டு அடிகளும் சரியாக விழுந்தன. பொறியாளன் நாணல் பக்கம் திரும்பி நின்றான்.

“சைவக்காரன் தூண்டில் போட்டால் மீன் நம்பி வருது, பார்த்தியே?” என்று அண்ணை என்னிடம் சொன்னார். செவுளை அறுத்தபோது கிளம்பிய ஆவி அவர் முழங்கால் வரை எழுந்தது.

இரண்டாவது கொடி மதியத்துக்குச் சற்று முன். நூல் சுருள் சுழன்ற வேகத்திலேயே பெரியது என்று தெரிந்தது. அண்ணை முழங்காலில் விழுந்து, பொறுத்து, சுண்டினார். மீன் அசையவில்லை. கடலில் செய்வது போலவே, இழுத்த நூலை உள்ளங்கையில் இரண்டு சுற்றும் சுட்டுவிரலில் ஒரு சுற்றும் சுற்றிப் பிடி எடுத்தார். அப்போதுதான் மீன் திரும்பி ஓடியது.

அவருடைய வலக்கை மணிக்கட்டு வரை துளைக்குள் போனது. விரல் முட்டிகள் பனிக்கட்டி விளிம்பில் மோதிய சத்தம், கோழி எலும்பு முறிவது போலக் கேட்டது. கையை வெளியே இழுத்தார், மீன் மறுபடி உள்ளே இழுத்தது. மூன்றாம் முறை வெளியே வந்தபோது நூலைக் காணவில்லை. அது தசைக்குள் போயிருந்தது. சுட்டுவிரலின் அடியில் தோல் இரண்டு உதடுகளாகப் பிரிந்து, நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. துளைத் தண்ணீர் ஒரே நேரத்தில் சிவக்கவில்லை. முதலில் விளிம்புகள், பிறகு நடு.

மீனின் தலை வந்ததும் மாட்டித் தூக்க, நீண்ட பிடி போட்ட கொளுக்கியைப் பிடித்தபடி நான் நின்றேன். ஊரில் ஐந்து வருடம் பத்திரிகைக்கு விபத்துச் செய்தி எழுதியவன். கண் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் என் கை எழும்பும்.

“வெட்டட்டாண்ணே?” என்றான் பொறியாளன்.

“வெட்டாதை. தலை வருது.”

தலை வந்தது. துளையை நிறைத்த தலை. வாய் திறந்தது, பற்களுக்கு நடுவில் மக்ரெலின் வால். நான் கொளுக்கியைத் தாழ்த்தினேன், மீன் தலையைச் சிலுப்பிக் கீழே போனது, அண்ணையின் கையும் கூடப் போனது. அவர் கத்திய கத்தலில் சொல் இல்லை. பொறியாளன் குறட்டைத் தண்ணீருக்குள் விட்டு நூலை அறுத்தான்.

அண்ணை பின்னால் சாய்ந்து விழுந்தார். எழுந்தார். அதே கையால் அவன் கன்னத்தில் அறைந்தார். அவன் கண்ணாடி பனியில் வழுக்கிக்கொண்டு போனது.

“உன்ரை மீனைக் காப்பாத்திப்போட்டாய், என்ன?”

அவன் கண்ணாடியைத் தேடவில்லை. தன் கழுத்துச் சால்வையை அவிழ்த்து அவர் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினான். அவர் மறு கையால் அவன் நெஞ்சைத் தள்ளியபடியே இருந்தார். அவன் கட்டியபடியே இருந்தான். கண்ணாடியை நான் எடுத்தேன். செத்த மீனையும் எடுத்துக்கொண்டேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி முதலில் பொறியாளனைத்தான் கட்டிலில் படுக்கச் சொன்னாள். நெற்றியிலிருந்து தாடை வரை இரத்தம். அது தன்னுடையது அல்ல என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மருத்துவர் அண்ணையின் கையை விரித்துப் பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார். மடங்கியது, கொஞ்சம். நூல் தசைநாரின் மேல் வந்து நின்றிருக்கிறது, இன்னும் ஓர் இழுப்பு இழுத்திருந்தால் அந்த விரல் இனி மடங்கியிருக்காது என்றார். யார் வெட்டினார்கள் என்று கேட்டார். எனக்கு நோர்வேஜிய மொழி நன்றாக வரும் என்றாலும் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அண்ணைக்கு விளங்கியது.

ஒன்பது தையல். மூன்று கிழமை கையைப் பாவிக்கக் கூடாது.

வெளியே வந்ததும் அண்ணை பொறியாளனைப் பார்த்து, “முகத்தைத் துடை தம்பி. பொலிஸ் பிடிக்கப் போகுது” என்றார். மருத்துவமனைக்குப் பிறகு அன்று அவர் அவனிடம் சொன்னது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஹவுகெட்டோவில் அவர் வீட்டு வாசலில் நான் நின்றபோது பொறியாளன் அங்கே ஏற்கெனவே நின்றான், விடுப்பு எடுத்திருந்தான். போக வேண்டாம், பரீட்சை நாளை மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் எழுதலாம் என்று நான் சொன்னேன். கடிதம் எழுதுகிறவர்களுடைய கோப்புகள் எங்கே இருக்கும் என்று தனக்குத் தெரியும், அந்த அலுமாரியைத் தான்தான் துடைக்கிறவர் என்றார் அண்ணை. பரீட்சை நிலையக் கழிப்பறையில் கட்டுத்துணியைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். வீங்கிய கை, தையல்களுக்கு நடுவே பிதுங்கி நின்றது. கட்டோடு போனால் ஏற விடமாட்டார்கள்.

பொறியாளன் தன் கறுப்புத் தோல் கையுறைகளைக் கழற்றி நீட்டினான். வலக்கையுறைக்குள் அந்தக் கையை நுழைக்க அவனும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அண்ணை சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தது. நாங்கள் இருவரும் வாகன நிறுத்துமிடத்தில் நின்றோம். அவன் கன்னத்தில் நான்கு விரல்களின் தடம் மஞ்சளாகத் தெரிந்தது.

திரும்பி வந்த பேருந்திலிருந்து முதலில் பரீட்சகர் இறங்கினார். எதையோ எழுதி, தாளைக் கிழித்து, அண்ணையிடம் கொடுத்தார். அண்ணை இடக்கையால் வாங்கினார். பரீட்சகர் கைகுலுக்க வலக்கையை நீட்டினார். அண்ணை ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு குலுக்கினார். பரீட்சகர் கதவைத் தாண்டி உள்ளே போகும் வரை அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“பாஸ்” என்றார் எங்களிடம். பிறகு நடைபாதை விளிம்பில் குந்திக் கையுறையைக் கழற்றினார். உள்ளே தேங்கியிருந்த இரத்தம் பனியில் கொட்டியது, ஒரு தேநீர்க் கோப்பை அளவு. நான்கு தையல்கள் பிரிந்திருந்தன.

“கழுவித் தாறன் தம்பி.”

“நீங்களே வெச்சுக்கோங்கண்ணே.”

அண்ணை கையுறையை உதறினார், விரல் பகுதி ஒவ்வொன்றையும் பிழிந்தார். சனிக்கிழமை அவன் கன்னத்தில் அறைந்ததைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

“அந்தப் பெரிய மீனின்ரை வாயிலை இன்னும் தூண்டில் கிடக்கு” என்றார். “அடுத்த முறை அறுக்கிறது எண்டால், நான் கத்தும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிக்காதை.”

அதை அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.