சாக்குக்கு இரண்டு கிலோ

2023 மார்ச் 13, திங்கட்கிழமை, காலை 10.20. பல்லேகமவில் நல்ல வெயில். எண்ணுவதற்கு ஒரு மேகம்கூட இல்லை. மாத்தளையிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தேன். ரத்தோட்டை தாண்டியதும் வளைவுகளை எண்ணத் தொடங்கி, எண்பத்து நான்கில் நிறுத்தினேன். வாந்தி வந்துவிட்டது.

நான் வந்து நின்ற இடம் ஒரு மிளகு சேகரிப்பு நிலையம். கனடாவில் மசாலாப் பொருள் இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்றில் நான் டேட்டா அனலிஸ்ட். இந்த நிலையம் எங்களுக்கு மிளகு வாங்கித் தருகிறது. அது திருடுகிறது என்று நான்தான் ரிப்போர்ட் எழுதினேன். அதை நிரூபிக்கத்தான் அன்று வந்தேன்.

வெளிநாடு போன பிறகு இந்தத் தொழிலுக்கு மாறலாமா என்று பல பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. தராசுக்குப் பின்னால்

மாத்தளை நகரில் ஒரு மிளகுக் கடையில் 31 வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். தராசு பார்ப்பதும் புத்தகம் எழுதுவதும் என் வேலை. கடையில் ஒரு வழக்கம் இருந்தது. தராசு எவ்வளவு காட்டினாலும் சாக்குக்கு இரண்டு கிலோ கழித்துத்தான் எழுத வேண்டும். முதல் நாளே முதலாளி ஹாஜியார் சொல்லிவிட்டார்.

"சாக்கு ஒரு கிலோ, தூசியும் தண்ணியும் ஒரு கிலோ. யாராவது கேட்டா, மாத்தள முழுக்க இதுதான்னு சொல்லுங்க."

சாக்கின் எடை ஒரு கிலோ என்பது நியாயம். மற்றக் கிலோ எந்த மிளகிலும் எனக்குத் தெரிந்து இருந்ததில்லை. ஆனாலும் கழித்தேன். சில வருடங்களில் கை தானாகவே கழிக்கத் தொடங்கிவிட்டது.

2. ஐம்பத்தேழு வயது மாணவன்

2015இல் மகள் எங்களைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டாள். நான்கு வருடம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஒட்டினேன். நாளுக்கு 640 பெட்டி. முழங்கால் இரண்டும் போன பிறகு மகள் ஒரு கல்லூரியின் விளம்பரத்தைக் காட்டினாள்.

"அப்பா, டேட்டா சயன்ஸ். சும்மாவே வீட்டுல படிக்கட்டு எத்தனன்னு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கீங்க. அதுக்கு ஒரு சேர்ட்டிபிகேட் வாங்கிட்டா என்ன?"

வகுப்பில் 28 பேர். எனக்கு அடுத்த மூத்தவருக்கு 39 வயது. பைத்தன் என்ற கணினி மொழி படித்தேன். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி பிசகினால் அந்த புரோகிராம் ஓடாது. மற்றவர்கள் அதைத் திட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என் சுபாவமும் அதுதான். மூன்றாவது தடவை புள்ளியியலில் பாஸானேன். 57 விண்ணப்பம் போட்டு, ஐம்பத்தெட்டாவதற்கு வேலை கிடைத்தது. மிளகு தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு வருட ஒப்பந்தம். அதன் பிறகு பார்ப்போம் என்றார்கள்.

3. நாற்பத்தெட்டும் ஐம்பதும்

ஒப்பந்தத்தின் பத்தாவது மாதம். மாத்தளை மாவட்டத்தில் எங்களுக்கு நான்கு சேகரிப்பு நிலையங்கள். சாக்குச் சாக்காக எடை வரும். டேட்டாவைச் சுத்தம் செய்து, சராசரி எடுத்துப் பார்த்தேன். மூன்று நிலையங்களில் ஒரு சாக்கு 50 கிலோ. பல்லேகமவில் மட்டும் 48.

வேறு யாராவது என்றால் மண், மழை என்று யோசித்திருப்பார்கள். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. இரண்டு கிலோ! 31 வருடம் நான் எழுதிய அதே இரண்டு கிலோ. அந்த சீசனில் பல்லேகமவில் 612 சாக்கு. அப்படியானால் 1,224 கிலோ மிளகை யாரோ ஒதுக்கி வெளியே விற்கிறார்கள். "இது அந்த ஊர் வழக்கம், எனக்கு நேரடியாகத் தெரியும்" என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

மேலாளர் ஹெலனுக்கு 34 வயது, மிகவும் நிதானமானவர். அவர் பல்லேகம நிலையத்துக்குப் போகவேண்டிய பணத்தை நிறுத்தி வைத்தார். நிலையத்தையே மூடுவதா என்று மார்ச் முடிவில் தீர்மானிக்கலாம் என்றார். பிறகு என்னிடம் கேட்டார்:

"நீங்கள் அங்கே போய்ப் பார்த்தீர்களா?"

"பார்க்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

"போய்ப் பாருங்கள். நீங்கள் சொன்னது சரியென்றால் செலவு கம்பனிக்கு."

தவறென்றால் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு நிச்சயம் எனக்கு.

4. பல்லேகம

நிலையத்தை நடத்துபவர் செல்வராணி, நாற்பது வயதிருக்கும். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதானா அந்த ரிப்போட்டு எழுதின சேர்? அஞ்சு கெழமையா காசு வரல. நூத்தி அறுவத்திமூணு பேரு தோட்டம் இருக்கு எங்ககிட்ட. தெனமும் வந்து என் மூஞ்சியத்தான் பாத்துட்டுப் போறாங்க."

"தராசைப் பாக்கணும்" என்றேன்.

"பாருங்க. தலைகீழா வச்சும் பாருங்க."

டிஜிட்டல் தராசு. எடை தானாகவே போனுக்குப் போகிறது. யாரும் கையால் எழுதுவதே இல்லை. நான் கொண்டுவந்த ஐந்து கிலோப் படிக்கல்லை வைத்தேன். 5.00. ஆறு தடவை வைத்தேன். ஆறு தடவையும் 5.00.

அப்போது ஒருவர் மோட்டார் சைக்கிளில் மிளகு கொண்டுவந்தார். செல்வராணி சாக்கைத் தராசில் வைக்கவில்லை. தராசில் ஒரு எவர்சில்வர் அண்டா இருந்தது. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மிளகை அதில் கொட்டினார். 48.10. வெறும் சாக்கை உதறி மடித்து அவரிடமே கொடுத்தார்.

"சாக்கோட நிறுக்க மாட்டீங்களா?"

"இல்ல சேர். மத்த மூணு எடத்துலயும் சாக்கோட நிறுப்பாங்க. ரெட்டச் சாக்கு, ரெண்டு கிலோ. அத போன்ல வேற கட்டத்துல போட்டுக் கழிப்பாங்க."

நான் அங்கேயே லெப்டொப்பைத் திறந்தேன். நிலையங்கள் அனுப்பிய அசல் டேட்டாவின் பதினேழாவது நிரல், அதாவது கொலம்: 'சாக்கு'. மூன்று நிலையங்களுக்கு 2. பல்லேகமவுக்கு 0. அதைத் தேவையற்ற கொலம் என்று நான்தான் முதல் வாரமே அழித்திருந்தேன். 31 வருடம் சாக்குக்குக் கழித்தவன், கழிக்க வேண்டிய இடத்தில் சாக்கை மறந்துவிட்டேன்.

"ஏன் நீங்க மட்டும் சாக்கில்லாம நிறுக்கிறீங்க?" என்று கேட்டேன்; குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"அத எங்க அப்பாகிட்ட கேளுங்க. அவரு சொல்லித்தான்."

அப்பா முத்தையா பின்னால் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"மாத்தள ஹாஜியார் கடை கணக்கப்புள்ள தானே?"

"ஆமா."

"நெனச்சேன். அப்ப நாங்க ரத்தோட்டப் பக்கம் இருந்தோம். வருசத்துக்கு நாலு சாக்கு, பஸ்ஸு மேல ஏத்திக் கொண்டாருவேன். ஏழு வருசம். ஒவ்வொரு சாக்குக்கும் ரெண்டு கிலோ வெட்டுனீங்க. ஒரு தடவ கேட்டேன், மாத்தள முழுக்க இதுதான்னீங்க. மக இந்த எடத்த எடுத்தப்ப ஒண்ணுதான் சொன்னேன். சாக்கு தராசுல ஏறக் கூடாது."

செல்வராணி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"உக்காந்து எழுதுங்க சேர். நான் பக்கத்துல நிக்கிறேன்."

தண்ணீர்த் தாங்கியின் பக்கத்தில்தான் சிக்னல் இருந்தது. கதிரையை அங்கே கொண்டுபோனோம். ஹெலனுக்கு நான்கு வரி எழுதினேன். பல்லேகமவில் தவறில்லை. தவறு என்னுடையது. பதினேழாவது கொலத்தை நான் அழித்தேன். பணத்தை இன்றே அனுப்புங்கள். அனுப்பும் முன்பு செல்வராணி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். தமிழில் சொன்னேன்.

"'மன்னிக்கவும்' எங்க?"

ஐந்தாவது வரியாகச் சேர்த்தேன்.

முத்தையாவிடம் கணக்குச் சொன்னேன். ஏழு வருடம், நாலு சாக்கு, மொத்தம் 28. சாக்கின் எடை ஒரு கிலோ போக, சாக்குக்கு ஒரு கிலோ வீதம் 28 கிலோ. கழித்த மிளகு முதலாளிக்குப் போனது, ஆனால் எழுதிய கை என்னுடையது. அன்றைய நிலவரம் கிலோ 1,500 ரூபாய். பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கி எண்ணினார். பிறகு 1,500 ரூபாயைத் திருப்பித் தந்தார்.

"இதென்ன?"

"ஒரு கிலோ கழிச்சிருக்கேன். தூசிக்கு."

செல்வராணி அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாள் மாத்தளையில் ஹெலனின் பதில் கிடைத்தது. பணம் அனுப்பியாயிற்று. நிலையம் தொடரும். என் ஒப்பந்தமும் தொடரும். ஆனால் இனி எந்த நிலையத்தைப் பற்றியும் நேரில் பார்க்காமல் எதுவும் எழுதக் கூடாது. பயணச் செலவு என்னுடையது.

பிள்ளைகளே, பழைய தொழிலில் கற்றது புதிய தொழிலில் உதவும் என்று எல்லோரும் சொல்வார்கள். உதவும்தான். ஆனால் நாம் செய்த கள்ளத்தையும் அதோடு சேர்த்துக் கொண்டுபோகிறோம். பிறகு அதையே எல்லோரிடமும் தேடுகிறோம். ஒரு எண்ணைச் சந்தேகப்படும் முன்பு, அதை எடைபோட்டவரிடம் போய்க் கேளுங்கள். ஒரு கொலத்தையும் அழிக்காதீர்கள்.

செலவு: விமான டிக்கெட் 1,742 டொலர். வேன் 36,000 ரூபாய், அதாவது 150 டொலர். வாந்தி மாத்திரை ஒரு டொலர். 27 கிலோ மிளகு 40,500 ரூபாய், அதாவது 168 டொலர் 75 சதம். மொத்தம் 2,061 டொலர் 75 சதம்.