முப்பத்தெட்டு அடியில் ஒரு தூண்டில்

1. ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை, இடுக்கி மலையில் நான் ஓவர்சியராக இருக்கும் அணையில், படகிலிருந்து தூண்டில் போட்டேன்.
2. மீன் இழுத்த வேகத்தில் தூண்டில் கைநழுவியது. பித்தளைச் சக்கரம் மாட்டிய தூண்டில் என்பதால் உடனே மூழ்கியது.
3. ஆழம் அளக்கும் கயிற்றை இறக்கினேன். முப்பத்தெட்டு அடி. வேலைப் பழக்கத்தில் அதை நோட்டில் குறித்தேன்.
4. நிமிர்வதற்குள் படகு நகர்ந்திருந்தது.

"ஆழந் தெரியுது, எடந்தான் தெரியல. நல்ல ஓவர்சியரம்மா போங்க!" என்று படகோட்டி சிரித்தார்.

கயிற்றில் கொக்கிகள் கட்டி மதியம்வரை அடியில் இழுத்துப் பார்த்தோம். அணை நிறைந்தபோது மூழ்கிய மரங்களின் கிளைகள்தாம் வந்தன.

தூண்டில் என்னுடையதல்ல. குவார்ட்டர்சில் என்னோடு தங்கியிருந்த ஒரே பெண்ணுடையது. எருத்தேன்பதி என்ற ஊர்க்காரி. மாற்றலாகிப் பாலக்காட்டுக்குப் போகும்போது, "இத எடுக்கறதுக்காச்சும் ஒருக்கா வருவேன். பத்தரமா வெச்சிரு கண்ணு" என்றாள். அதன்பின் அந்த வீட்டில் வேலை முடிந்து திரும்பினால் பேச ஆளில்லை.

கோடையிலும் அந்த இடம் வெளியே தெரியும் அளவுக்கு நீர் இறங்காது. போன வாரக் கடிதத்தில் அவள் தூண்டிலை விசாரித்திருந்தாள். அது போய்விட்டது என்றால் அவள் இவ்வளவு தூரம் மலையேற வேறு காரணம் இல்லை.

தூண்டில் நீருக்கடியில் கிடக்கிறது. நான் இன்னும் பதில் எழுதவில்லை.