ரஸ்க் தூளில் பொரித்த காளான்

எனக்குக் காளான் பிடிக்காது. பத்து வயதிலும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. என் பிடிவாதத்தால் யாருக்காவது நல்லது நடந்தது என்றால், அது அந்த ஒரு நாள்தான்.

அம்மா இத்தாலிக்காரி. அப்பா சாலவாக்கம் பக்கத்துக் கிராமத்துக்காரர், கப்பலில் சமையல் வேலை. எனக்கு ஆறு வயதானபோது எங்கள் இருவரையும் ஊருக்குக் கூட்டி வந்தார். பாகத்தில் கிடைத்த இரண்டு ஏக்கர் நன்செயை அம்மாவிடம் காட்டிவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டார். வெள்ளைக்காரி ஒரு போகத்தைக்கூடத் தாண்டமாட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. அம்மா சேற்றில் இறங்கினாள். அவள் பிறந்த இடத்திலும் நெல்தான் பயிர், ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் மெஷின். இங்கே ஏரி மதகு எப்போது திறக்கும், நாற்றை எப்படிப் பிடித்து நடுவது என்று அவளுக்குக் காட்டியது எங்கள் கழனிக்குக் கூலிக்கு வந்த காலனிப் பெண் ஒருத்தி. அம்மாவின் வயதுதான் இருக்கும். அம்மா அவளை அக்கா என்று கூப்பிட்டாள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நிலம் வைத்திருப்பவர்கள் வாயில் அந்தச் சொல் வந்ததே ஊரில் பலருக்கு உறுத்தியது.

அம்மாவின் தமிழும் அக்காவிடம் கற்றதுதான். தாலுகா ஆபீசுக்குப் போனால்கூட "இன்னா சார், எப்போ கெடைக்கும்?" என்பாள். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வேன்.

மத்தியானம் இருவரும் பம்புசெட் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டுத் தட்டு, எங்கள் வீட்டு டம்ளர். அம்மாவின் சமையல் சுமார்தான். மாவைப் பிசைந்து பட்டை பட்டையாக வெட்டி, அரைவேக்காட்டில் இறக்கி அதன்மேல் தக்காளியைக் கொட்டுவாள். நானே முகத்தைச் சுளிப்பேன். அக்கா மட்டும் ஒரு துணுக்கு மிச்சம் வைக்கமாட்டாள். "நல்லா கீதும்மா" என்பாள், தினமும்.

அது ஐப்பசி மழை விட்டிருந்த காலை. பம்புசெட்டை ஒட்டிய வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வெள்ளைக் குடைகளாகக் காளான் முளைத்திருந்தது, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். அம்மா அதைப் பார்த்துவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான்கு வருஷத்தில் முதல்முறையாக அவள் ஊரில் இருந்த ஏதோ ஒன்று இங்கேயும் முளைத்திருக்கிறது என்று நினைத்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. நான்கைந்தைப் பறித்து, முட்டையில் தோய்த்து, ரஸ்க்கைப் பொடி செய்து புரட்டிப் பொரித்தாள்.

பம்புசெட் படியில் அக்கா தட்டைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, போராண்ட இருந்த காளானா?"

"ஆமா அக்கா. எங்க ஊர்ல கீது. எங்க அம்மா பொரிப்பா. துன்னு."

அக்கா ஒரு நொடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடி இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. பிறகு சாப்பிட்டாள். அம்மா ஒன்று, அக்கா இரண்டு. நான் தொடவில்லை. "நல்லா கீதும்மா" என்றாள் அக்கா.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா வரப்பில் ஏறி வாந்தி எடுத்தாள். வெயில் என்று நினைத்து அம்மா தண்ணீர் எடுக்கப் போனாள். போன இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அவளும் எடுத்தாள். நிற்கவே இல்லை. வாந்தியும் பேதியுமாக இருவரும் துவண்டு விழுந்தார்கள். அக்காவின் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அம்மா அவள் பாஷையில் ஏதோ முனகினாள், எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அப்பா நடுக்கடலில். சுற்றிலும் பச்சைப் பயிர், ஒரு ஆள் இல்லை. யாரை விட்டுவிட்டு ஓடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்று கத்தினேன். அப்புறம்தான் ஓடினேன்.

ரோட்டில் பால் ஏற்றிப் போன மினி வேன் ஒன்று நின்றது; டிரைவர் வந்து இருவரையும் தூக்கி ஏற்றினார். டாக்டர் கேட்பார் என்று ஏன் தோன்றியதோ, போருக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த காளான் ஒன்றைப் பிடுங்கிப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். உத்திரமேரூர் போய்ச் சேரும்வரை அக்காவின் தலை என் மடியில் கிடந்தது. கண் மேலே சொருகியிருந்தது. அக்கா செத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் செத்தால் அம்மாவை ஜெயிலில் போடுவார்களா, இல்லை ப்ளேன் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்றும் நினைத்தேன். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டு இருவருக்கும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் பேப்பரைப் பிரித்துக் காளானைத் திருப்பினார். அடிப்பக்கம் பச்சை ஏறியிருந்தது. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல அடியில வெள்ளை," என்றாள். "எப்பவும் வெள்ளை."

அவள் பறித்தவை அப்போதுதான் விரிந்த காளான்கள். அவற்றின் அடியிலும் வெள்ளைதான் இருந்தது. பச்சை பின்னால்தான் ஏறும் என்பது அவளுக்குத் தெரியாது.

அதற்குள் சேதி கேட்டு அக்காவின் புருஷன் வந்து கதவோரம் நின்றிருந்தார். சண்டை போடுவார் என்று நான் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. காளானைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னார்: "இத நாங்க யாரும் தொடமாட்டோம் சார். புத்துல வர்றதத்தான் துன்னுவோம். போராண்ட மொளைக்கிறது விஷம்னு எங்க வூட்டுக் கொழந்தைக்கே தெரியும். இவ எப்டித் துன்னான்னுதான் தெரில."

அம்மா அதைக் கேட்டாள். அவள் முகம் வெளிறியது வாந்தியால் இல்லை.

மறுநாள் காலையில்தான் அக்கா கண் திறந்தாள். அம்மா குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே அவள் கட்டிலுக்குப் போனாள்.

"உனுக்குத் தெரியுமா அக்கா? அது விஷம்னு?"

"தெரியும்மா. நீங்க உங்க ஊர்ல துன்றதுன்னு சொன்னீங்க. ஒருவேள இது வேற போலன்னு நெனச்சேன்."

"வேணாம்னு ஏன் சொல்லல?"

"எப்டிம்மா சொல்றது? எங்கம்மாவுக்கெல்லாம் கையிலதான் கஞ்சி ஊத்துவாங்க. நீங்க உங்க தட்டுல போட்டு, பக்கத்துல குந்திக்கினு குடுக்கறீங்க. வேணாம்னா நீங்க இன்னா நெனப்பீங்க?"

அம்மா தன் கட்டிலுக்குத் திரும்பிச் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள். எனக்கு அப்போது வந்த பயம் வேறு மாதிரி. நான்கு வருஷமாக அக்கா சொன்ன "நல்லா கீதும்மா"வில் எத்தனை நிஜம்? வேறு என்னவெல்லாம் வேண்டாம் என்று சொல்லாமல் விழுங்கியிருக்கிறாள்?

பத்து நாள் கழித்து அக்கா கழனிக்கு வந்தாள். அம்மாவுக்குத் தட்டை நீட்டவே பயம். தான் முதலில் சாப்பிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்குப் போடுவாள். ஒவ்வொரு தடவையும் "வேணாம்னா சொல்லு அக்கா, கோச்சிக்க மாட்டேன்" என்பாள். அக்கா தலையாட்டிவிட்டுத் தட்டைக் காலி செய்வாள். "நல்லா கீதும்மா." அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் இறுகிப்போகும். கார்த்திகை போனது, மார்கழி போனது.

தை மாதம், அறுப்பு அன்று. அம்மா வழக்கம்போலத் தட்டைக் கொடுத்தாள். அக்கா ஒரு வாய் வைத்தாள். தட்டை மெதுவாகப் படியில் வைத்து அம்மா பக்கம் தள்ளினாள்.

"வேணாம்மா. உப்பு ஜாஸ்தியா கீது. நேத்தும் அப்டித்தான் இருந்திச்சி."

அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். நான் தட்டை எடுத்து ஒரு வாய் வைத்தேன். உப்பு நிஜமாகவே ஜாஸ்தி.