நாரந்தனை நிறுவனத்துக்கு நன்றியாம்

ஒரு புரதத்தின் அசைவைக் கணினியில் இரண்டு முறை ஓட்டி, இரண்டையும் ஒப்பிட ஒரு மென்பொருள் இருக்கிறது. புரதம் சற்றுத் திரும்பி நின்றாலே உருவம் மாறிவிட்டது என்கிறது. மறுபக்கம் திரும்பிப் படுத்தவனை வேறு ஆள் என்பதுபோல.

பிழையை விளக்கி, அதைச் செய்தவர்களுக்கு என் பெயரோடு எழுதினேன்.

"நீங்கள் எந்த நிறுவனம்?" என்று கேட்டார்கள்.

எனக்கு ஏது நிறுவனம், ஊரைத்தான் கேட்கிறார்களாக்கும் என்று "நாரந்தனை" என்றேன்.

இன்று திருத்திய பதிப்பு வந்தது. என் பெயர் இல்லை. "நாரந்தனை நிறுவனத்துக்கு நன்றி" என்றிருக்கிறது.

நான் கணினிக்குப் போகும் இணையக் கடையை நடத்தும் ரதி, திரையை எட்டிப் பார்த்தாள். "அண்ணை, நிறுவனம் துவங்கினதை எங்களுக்குச் சொல்லேல்லையே!"

"ஓம். பணிப்பாளரும் நான்தான், வாசல் கூட்டுறதும் நான்தான்."

என் பெயரைப் போடும்படி மறுபடி எழுதிவிட்டேன், பணிப்பாளர் என்று ஒப்பமிட்டு.

உதவிப் பணிப்பாளர் பதவி வெற்றிடமாக உள்ளது. விரும்புவோர் கீழே எழுதலாம்.