காத்தாடிக்கு எழுத்துப் போட்ட அக்கா

எங்கள் படக்கதை வார இதழில் பெண்கள் இரண்டே பேர். வண்ணம் பூச நான், எழுத்துப் போட எழுத்தக்கா. ஓவியர் படம் வரைந்து, பேசுகிற ஆளின் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பலூன் விட்டுக் கொடுப்பார். அதற்குள் கதாசிரியர் தந்த வசனத்தைப் பேனாவால் எழுதி, பலூனுக்கு ஒரு வால் வரைந்து, அதைப் பேசுகிறவர் வாய்ப் பக்கம் இழுத்துவிடுவது அக்காவின் வேலை. வால் யார் பக்கம் போகிறதோ, பேச்சு அவருடையது. கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், முதுகு சொல்லும்.

எழுதுகிற எதையும் அக்கா படிக்கமாட்டாள். "படிச்சா கை ஆடும்டி. எழுத்தை மட்டும் பாத்தா கை நேரா போகும்" என்பாள். ஊரே எங்கள் இதழை வாங்கியது காத்தாடி கதைக்காகத்தான். அந்தக் காத்தாடிக்கு வருஷக்கணக்காக எழுத்துப் போட்டவளுக்குக் கதை தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

காத்தாடி பத்தாம் வகுப்புப் பெண். கோபம் வந்தால் கால் தரையில் நிற்காது என்போமே, அவளுக்கு நிஜமாகவே நிற்காது. மேலே பறந்துவிடுவாள். திருடனைத் துரத்துவாள், பாலத்திலிருந்து சரியும் பஸ்ஸைத் தாங்குவாள். ஆனால் கோபம் தணிந்தால்தான் கீழே இறங்க முடியும், அவளுக்கோ லேசில் தணியாது. ஊரைக் காப்பாற்றிவிட்டு ஏதாவது ஒரு கூரைமேல் தனியாக மிதந்து அழுதுகொண்டிருப்பாள்.

அக்கா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. புருஷன் செத்தபின் தாயும் மகளும்தான். மகள் எதற்கெடுத்தாலும் ஏட்டிக்குப் போட்டி. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே அக்கா வாயையும் திறந்துவிடுவாள். "நேத்து என்ன பண்ணா தெரியுமா?" கத்தரிக்கோலை எடுத்து முடியை ஒட்ட வெட்டிக்கொண்டது, பரீட்சைத் தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது என்று எல்லாம் வரும். பாவம், வேறு யாரிடம் கொட்டுவாள்? நானும் நன்றாகச் சப்புக்கொட்டிக் கேட்டேன். கதாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கல்லுளிமங்கன் மாதிரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அக்கா டப்பாவையே திறக்கவில்லை.

"'அப்பா செத்தப்ப நீ ஒரு சொட்டுக்கூட அழல, நான் செத்தாலும் அழமாட்ட'ன்னு சொல்லிட்டாடி. நான் உடைஞ்சா அவ இன்னும் உடைஞ்சிடுவாளேன்னுதான் அடக்கிக்கிட்டேன். அது அவளுக்கு எங்க தெரியும்?"

கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். எழுந்து போனபோது கடையில் எங்கள் இதழ் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் காத்தாடி ஒட்ட வெட்டிய முடியோடு நின்றாள். உள்ளே அவள் தன் அம்மாவைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்கிறாள், ஒரு எழுத்து மாறாமல். எழுதியது அக்காவேதான். வழக்கம்போல் படிக்காமல் எழுதியிருக்கிறாள்.

மகளின் வகுப்பில் எல்லாரும் அட்டையைப் பார்த்தார்கள், அவள் தலையைப் பார்த்தார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும். அந்தக் கேலியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பலூனுக்குள் இருந்தது அம்மாவின் கையெழுத்து. சமையலறை டப்பாக்களில் 'உப்பு', 'சர்க்கரை' என்று ஒட்டியிருக்கிற அதே உருண்டை எழுத்து. அன்றே துணியை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்கா போய்த் தட்டினால் அறைக்கதவு திறக்காது. அத்தைதான் கூடத்தில் நின்று மெல்லிய குரலில் சொல்லுவாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பிடறதில்ல, பள்ளிக்கூடம் போறதில்ல. சும்மா சும்மா மொட்டைமாடில போய் நிக்கிறா. எனக்குப் பயமா இருக்கு. வெளிய போறதே அந்தப் புத்தகம் வாங்கத்தான். இன்னும் தன்னைப் பத்தி என்னென்ன வருதுன்னு பாக்கணுமாம்."

மொட்டைமாடி என்று கேட்டதிலிருந்து அக்கா முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் நேராகக் கதாசிரியரிடம் போனாள்.

"சார், உங்க கால்ல விழறேன். எம் பொண்ணை விட்டுடுங்க."

"அட, வருத்தப்படாதீங்கம்மா. இந்த வாரத்தோட சுபமா முடிச்சிட்டேன். படிச்சுப் பாருங்க, உங்களுக்கே பிடிக்கும்" என்று பக்கத்தை நீட்டினார். பாவி மனுஷன், உபகாரம் செய்கிறதாகவே நினைப்பு அவருக்கு.

கடைசிப் படம். உயரமான கட்டடத்துக்கு மேலே காத்தாடி மிதக்கிறாள். கீழே தெருவில் அவள் அம்மா அண்ணாந்து நிற்கிறாள். ஆளுக்கொரு பலூன். காத்தாடி பேச வேண்டியது, 'தப்பு என் மேலதான். என்னை மன்னிச்சிடு.' அம்மா பேச வேண்டியது, 'இறங்கி வா மகளே.'

அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக வசனத்தைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"எம் பொண்ணு எதுக்குடி மன்னிப்பு கேக்கணும்?"

என்னிடம் கேட்டுக்கொண்டே அக்கா பேனாவை எடுத்தாள். மன்னிப்பை எழுதி, அந்த பலூனின் வாலைக் கீழே, அம்மாவின் வாய்க்கு இழுத்தாள். இன்னொரு பலூனின் வாலை மேலே, காத்தாடி பக்கம் திருப்பினாள். அதற்குள் எதுவுமே எழுதவில்லை. கை நன்றாக ஆடியது, எழுத்துக் கோணல்மாணலாக விழுந்தது.

"அக்கா, வேலை போயிடும்" என்றேன்.

"போகட்டும். நீ பூசிக் குடு."

அச்சகத்து ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பூசிக் கொடுத்துவிட்டேன்.

இதழ் வந்த அன்று முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். காத்தாடி ஏன் பேசவில்லை, அம்மா ஏன் மன்னிப்புக் கேட்கிறாள் என்று வாசகர்கள் போன் போட்டுத் துளைக்கிறார்களாம். "இவ பூசி முடிச்சப்புறம்தான் நான் மாத்தினேன்" என்று அக்கா என்னைக் காப்பாற்றிவிட்டு, தன் பேனாக்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். தனியாக விட மனசு கேட்காமல் நானும் அத்தை வீட்டுக்குக் கூடவே போனேன்.

அக்கா தட்டியதும் அறைக்கதவு திறந்தது. முடி திட்டுத்திட்டாக வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போய், கையில் இதழோடு நின்றாள் அந்தப் பெண்.

"இதையும் அந்த ஆள்தான் எழுதிக் குடுத்தாரா?"

ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அக்கா சொல்லவில்லை.

"வார்த்தை அவரோடதுதான். வாலை மட்டும் நான் திருப்பினேன்."

"உனக்குன்னு ஒரு வார்த்தைகூட கிடையாதாம்மா?"

அக்கா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மகள் முன்னால் அழவே கூடாது என்று அத்தனை காலம் அடக்கியது, அடிவயிற்றிலிருந்து வந்தது. அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அந்தப் பெண் அசையாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இதழை விரித்துக் காலி பலூனைக் காட்டினாள்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"அது உனக்கு. என்ன சொல்லணுமோ சொல்லு. திட்டணும்னா திட்டு."

"சொன்னா நாளைக்கு யார்கிட்ட போய்ச் சொல்லுவ?"

"யார்கிட்டயும் இல்ல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப இவங்க போகட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. நான் கீழே இறங்கி மாடிப்படியடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு குரல் உயர்வதும் தணிவதும் கேட்டது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. வெகுநேரம் கழித்து அக்கா தனியாகத்தான் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"வருவாளாக்கா?"

"நாளைக்கு என்னை மறுபடி வரச் சொல்லியிருக்கா."

"நல்லதுதானே. உள்ள என்னதான் சொன்னா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பஸ் வருதா பாரு" என்றாள்.